பொருளியல் தெரியாமல் பொருளியல் வழியே ஆங்கிலம் கற்பிக்கலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். அடுத்த பருவத்திலிருந்து பொருளியல் முதலாண்டு மாணவர்களுக்கு அவர்களுடைய பாடத்தைக் கொண்டே ஆங்கிலம் நடத்த வேண்டுமாம். பள்ளியோடு பொருளியலை விட்டவன் நான். மாணவர்கள் முன் மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது. இதற்கென்றே ஒரு நிறுவனம் பயிற்சியும் பாடநூலும் தருகிறது. சேரலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சேராதீர்கள். காரணம் பிறகு.

தேவைக்கோடு (எந்த விலையில் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் வரைபடக் கோடு) ஏன் கீழ்நோக்கிச் சரிகிறது என்று விளக்குவது பொருளியல் ஆசிரியரின் பொறுப்பு. அந்தக் கோட்டைப் பார்த்து நான்கு வரி ஒழுங்காக எழுத மாணவரைப் பழக்குவதுதான் உங்கள் வேலை. ஆகவே புதுப் பாடம் எதையும் எடுக்காதீர்கள். சென்ற வாரம் அவர்கள் படித்து முடித்த பகுதியையே எடுங்கள். விஷயம் தெரிந்திருப்பதால் கவனம் மொழியின் பக்கம் திரும்பும். உங்களுக்குப் புரியாத இடம் வந்தால் கூச்சப்படாமல் அவர்களையே ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே தெரியாத ஒருவருக்கு விளக்குவதைவிட நல்ல பேச்சுப் பயிற்சி கிடைக்காது.

"விலை ஏறியது, அதனால் மக்கள் குறைவாக வாங்கினார்கள்" என்ற பாணியில் மாணவர் ஆங்கிலத்தில் எழுதுவார். பாடநூலோ "விலையேற்றம் தேவைக் குறைவுக்கு வழிவகுத்தது" என்ற பாணியில் எழுதும். நடந்த செயல்கள் இரண்டும் பெயர்ச்சொற்களாகிவிட்டன. "அதனால்" என்று இருந்த இணைப்பு வினைச்சொல்லாகிவிட்டது. மாணவர்கள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பத்தியை இப்படி வினைகளாக அவிழ்த்து, மறுபடி பெயர்களாகக் கட்டச் சொல்லுங்கள். ஒரு வகுப்பு அதற்கே சரியாகப் போய்விடும்.

இப்போது நிறுவனத்துக்கு வருகிறேன். இவர்களுடைய நூல்களைப் புரட்டினால் பக்கம் பக்கமாகக் கலைச்சொற்கள்: "மோனோபொலி", "இன்ஃப்ளேஷன்". அவற்றைப் பொருளியல் ஆசிரியர் எப்படியும் சொல்லிக்கொடுத்துவிடுவார். யாரும் சொல்லிக்கொடுக்காதவை எல்லாத் துறைகளிலும் புழங்கும் "அஸ்யூம்", "டிரைவ்" (derive), "சிக்னிஃபிகன்ட்" போன்ற சொற்கள். நியூசிலாந்தின் மொழியியலாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் இத்தகைய 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உள்ளன. கல்விசார் நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 சதவீதம் இவைதாம். பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அட்டை போட்டு விற்பவரிடம் வாங்க வேண்டிய அவசியம் என்ன?

இன்னொரு வியாபாரப் பேச்சும் உண்டு: பாடத்தை ஆங்கிலத்தில் நடத்தினாலே மொழி தானாக ஒட்டிக்கொள்ளுமாம். கனடாவில் 1965-ல் மொன்றியல் அருகே, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தத் தொடங்கினார்கள். இம்முறையில் படித்தவர்கள் கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்களானார்கள். பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. எழுத வைக்காமலும் திருத்தாமலும் மொழி வருவதில்லை. பயிற்சிச் சான்றிதழ் விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

ஒரு விலக்கு. நாளை உங்களைச் சட்ட மாணவர்களிடம் அனுப்பினால் இந்த அவிழ்த்துக் கட்டும் பயிற்சியைச் சட்டப் பிரிவுகளில் செய்யாதீர்கள். அங்கே "ஷால்" என்பதை "மே" என்று மாற்றினால் கடமை விருப்பமாகிவிடும். "அண்ட்" இருந்த இடத்தில் "ஆர்" வந்தால் நிபந்தனையே மாறிவிடும். தீர்ப்புகளை மாணவர் சொந்த நடையில் சுருக்கி எழுதலாம், அதில் தடையில்லை. சட்டப் பிரிவையோ ஒப்பந்த வாசகத்தையோ வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும், அவ்வளவே. ஒப்பந்தம் எழுதும் பயிற்சி வேண்டுமென்றால் சட்ட ஆசிரியர் கூட இருக்கட்டும்.

நிர்வாகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாடத்தின் வழியே மொழி என்று சுற்றறிக்கை அனுப்புவார்கள். தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வார்கள். இரு ஆசிரியர்களும் சந்தித்துப் பேச அட்டவணையில் ஒரு மணிநேரம்கூட ஒதுக்கமாட்டார்கள். பிறகு முறை தோற்றுவிட்டது என்று அறிக்கை எழுதுவார்கள்!

நீங்கள் காத்திருக்க வேண்டாம். பொருளியல் ஆசிரியரை நீங்களே போய்ப் பாருங்கள். சென்ற ஆண்டு வினாத்தாளையும், பெயரை மறைத்த விடைத்தாள்கள் சிலவற்றையும் கேட்டு வாங்குங்கள். எதைக் கற்பிக்க வேண்டும் என்று அவையே காட்டிவிடும். மாணவர் எழுதுவதில் பொருளியல் தவறு இருந்தால் மதிப்பெண்ணைக் குறைப்பது நீங்களா அவரா என்பதையும், பருவம் தொடங்குவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.