இமாச்சலப் பிரதேசத்தின் 12 மாவட்டங்கள்: கேள்வி பதில்

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் சார். இமாச்சலில் மாவட்டங்கள் ஒரு புத்தகத்தில் 4, இன்னொன்றில் 6, வேறொன்றில் 10. எது சரி?

பதில்: மூன்றும் சரிதான். கேள்வியில் எந்த வருடம் என்று பாருங்கள். 1948 ஏப்ரல் 15-ல் சுமார் 30 சமஸ்தானங்களை இணைத்தபோது சம்பா, மண்டி, மஹாசு, சிர்மௌர் என்று 4. 1954-ல் பிலாஸ்பூர் சேர்ந்து 5. 1960 மே 1-ல் மஹாசுவின் சினி தாலுகாவைப் பிரித்து கின்னௌர், ஆக 6. 1966 நவம்பர் 1-ல் பஞ்சாபின் மலைப்பகுதிகள் வந்தன: காங்ரா, குலு, லாஹௌல்-ஸ்பிதி, சிம்லா. மொத்தம் 10.

பலர் தடுக்கி விழுவது 1972 செப்டம்பர் 1-ல். அன்று காங்ராவிலிருந்து உனாவும் ஹமீர்பூரும் பிரிந்தன, 2 கூடியது. அதே நாளில் மஹாசு என்ற பெயரே மறைந்தது. மஹாசுவையும் பழைய சிம்லாவையும் கலைத்துப் போட்டு இன்றைய சிம்லா, சோலன் என்று இரண்டாக அடுக்கினார்கள், இதில் கூடுதல் எதுவும் இல்லை. அதனால்தான் 12. மாநில அந்தஸ்து 1971 ஜனவரி 25-ல் கிடைத்தது, அதற்கும் மாவட்ட எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை.

கேள்வி: தாத்தாவின் 1950-களின் ஆவணம் ஒன்றில் 'மாவட்டம்: மஹாசு, தாலுகா: ராம்பூர்' என்று இருக்கிறது. நகல் வாங்க எங்கே போவது?

பதில்: ராம்பூர் இப்போது சிம்லா மாவட்டம். மஹாசு என்று பார்த்ததும் எல்லாம் சிம்லாதான் என்று நினைத்துவிடாதீர்கள், தாலுகா பெயரைப் பாருங்கள். சோலன், அர்க்கி என்றால் சோலன் மாவட்டம். சினி என்றால் கின்னௌர் (அந்த ஊரின் இன்றைய பெயர் கல்பா, தலைமையிடம் ரெக்காங் பியோ). பஞ்சாப் பக்கத்துத் தாள்களிலும் இதே சிக்கல் உண்டு: 1966 வரை உனா ஹோஷியார்பூரில், நாலாகட் அம்பாலாவில், டல்ஹௌசி குர்தாஸ்பூரில் இருந்தன. நாலாகட் இன்று சோலனில், டல்ஹௌசி சம்பாவில்.

கேள்வி: டிசம்பரில் கேலாங்கில் ஒரு வேலை, அடுத்த நாள் காஜாவில். ஒரே மாவட்டம்தானே, 200 கி.மீ.கூட இல்லையே?

பதில்: போக முடியாது. வரைபடத்தில் லாஹௌல்-ஸ்பிதி ஒன்று, நிலத்தில் இரண்டு: மாவட்டத் தலைமையிடம் கேலாங் லாஹௌல் பக்கம், காஜா ஸ்பிதி பக்கம். நடுவில் குன்சும் கணவாய், உயரம் 4,500 மீட்டருக்கு மேல். பனி விழுந்தால் சாலை மூடும், வெயில் காலத்தில்தான் திறக்கும். தண்ணீர்கூட இரண்டு பக்கமாகப் பிரிகிறது: லாஹௌல் ஆறுகள் செனாபுக்கும் ஸ்பிதி ஆறு சட்லெஜுக்கும் போகின்றன.

குளிர்காலத்தில் சுற்றுவழிதான். கேலாங்கிலிருந்து அடல் சுரங்கம் வழியாக மணாலி, பிறகு மண்டி, சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, சும்தோ, காஜா. 600 கி.மீ.யைத் தாண்டும். குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள், நாலாவது நாளைக் கையில் வைத்திருங்கள். கின்னௌர் சாலை பனியில் அதிகம் மூடாது, ஆனால் கல் சரியும்.

இந்தப் பிரிவைத் தெரிந்துதான் காஜாவில் கூடுதல் டி.சி. (கூடுதல் கலெக்டர்) ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள். ஸ்பிதி ஆட்கள் எல்லாவற்றுக்கும் கேலாங் ஓட வேண்டியதில்லை. உங்கள் வேலையும் காஜாவிலேயே முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: பாங்கியும் அப்படித்தானா அண்ணா? அது சம்பா மாவட்டம்தானே?

பதில்: அதைவிட மோசம். சம்பாவிலிருந்து பாங்கியின் கில்லாருக்கு நேர்வழி சாச் கணவாய், 4,420 மீட்டர். அது மூடினால் காங்ரா, மண்டி, குலு, லாஹௌல் என்று நான்கு மாவட்டங்களைச் சுற்றி, உதய்பூர் வழியாகக் கில்லார். 500 கி.மீ.க்கு மேல், சொந்த மாவட்டத் தலைநகரிலிருந்து! அதனால் 1986 முதல் அங்கே 'சிங்கிள் லைன்' நிர்வாகம்: எல்லாத் துறைகளும் கில்லாரில் இருக்கும் ஒரே அதிகாரியின் கீழ். பதவிப் பெயர் ரெசிடென்ட் கமிஷனர்.

கேள்வி: ஸ்பிதி போக பெர்மிட் வேண்டுமா?

பதில்: இந்தியர்களுக்கு வேண்டாம், அடையாள அட்டை போதும். கின்னௌர் வழியாக ஸ்பிதியின் தாபோ பக்கம் போகும் வெளிநாட்டவருக்கு இன்னர் லைன் பெர்மிட் (எல்லைப் பகுதி அனுமதி) கட்டாயம். அடல் சுரங்கத்துக்குத் தனி பெர்மிட் கிடையாது. ரோத்தங் கணவாய் மேலே ஏறினால்தான் பெர்மிட்.

கேள்வி: நம்ம ஊர் வி.ஏ.ஓ. மாதிரி அங்கே யார்? 'ஜமாபந்தி நகல்' கேட்கிறார்கள், நம்ம ஜமாபந்தி வருடத்துக்கு ஒருமுறை நடப்பதாயிற்றே?

பதில்: சொல் ஒன்று, பொருள் வேறு. தமிழ்நாட்டில் ஜமாபந்தி என்றால் தாலுகாவில் வருடந்தோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை. அங்கே நில உரிமைப் பதிவேட்டுக்கே அந்தப் பெயர். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுதுவார்கள், நடுவில் நடக்கும் பெயர் மாற்றத்துக்கு 'இந்த்கால்'. ஆகவே ஜமாபந்தி நகல் மட்டும் போதாது, அதற்குப் பிந்தைய இந்த்கால் ஏதும் உண்டா என்றும் கேளுங்கள். வி.ஏ.ஓ. இடத்தில் பட்வாரி, பிர்கா ஆர்.ஐ. இடத்தில் கானூங்கோ, மேலே நாயப் (துணை) தாசில்தார், தாசில்தார், எஸ்.டி.எம். (நம்ம ஆர்.டி.ஓ. மாதிரி). கலெக்டரை டி.சி. என்பார்கள். அளவும் மாறும்: காங்ரா பக்கம் கனால், மர்லா. சிம்லா, சோலன் பக்கம் பீகா, பிஸ்வா.

கேள்வி: குலுவில் ஒரு சின்ன மனை வாங்கலாமா? திருநெல்வேலியில் எனக்கு வயல் இருக்கிறது, நானும் விவசாயிதான்.

பதில்: அந்த வயல் இங்கே செல்லாது. 1972-ஆம் ஆண்டு குத்தகை, நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் 118-வது பிரிவுப்படி, விவசாயி என்றால் இமாச்சலில் இருக்கும் நிலத்தைத் தானே பயிரிடுபவர். மற்றவர்கள் மாநில அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும். 12 மாவட்டத்துக்கும் இதே விதிதான், 'அந்த மாவட்டத்தில் சிக்கல் இல்லை' என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உள்ளூர்க்காரர் பெயரில் பினாமியாக வாங்குவது, பவர் எழுதி வாங்குவது இரண்டும் இதே பிரிவில் மாட்டும். பத்திரம் செல்லாது என்பதோடு நிலமும் அரசுக்குப் போய்விடும். அனுமதி கிடைத்தாலும், எதற்கென்று கேட்டீர்களோ அதற்கு மட்டும், குறித்த கெடுவுக்குள் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: பெரிய மாவட்டம், சின்ன மாவட்டம்?

பதில்: பரப்பில் லாஹௌல்-ஸ்பிதி, 13,800 சதுர கி.மீ.க்கு மேல். 2011 கணக்கெடுப்பில் அங்கே 31,564 பேர்தான். சின்னது ஹமீர்பூர், 1,118 சதுர கி.மீ., ஆனால் 4.5 லட்சம் பேர். மக்கள்தொகையில் முதலிடம் காங்ரா, 15 லட்சம்.

கேள்வி: மண்டி மக்களவைத் தொகுதி என்றால் மண்டி மாவட்டம்தானே?

பதில்: இல்லை. அதன் 17 சட்டமன்றத் தொகுதிகள் ஆறு மாவட்டங்களில் பரவியிருக்கின்றன: மண்டி, குலு, லாஹௌல்-ஸ்பிதி, கின்னௌர், சிம்லாவின் ராம்பூர், சம்பாவின் பர்மௌர். மேலே சொன்ன பாங்கி பர்மௌர் தொகுதிக்குள் வருகிறது. மண்டி மாவட்டத்திலேயே இருக்கும் தரம்பூரோ ஹமீர்பூர் மக்களவைத் தொகுதியில்.