எரியும் சுரங்க ஊர் சென்ட்ரேலியாவைப் பார்க்க ஒரு நாள் செலவழிக்கலாமா? போனவர்கள் சொல்லுங்களேன்

கேள்வி கேட்டவர் நியூஜெர்சி பக்கம் எங்கோ இருக்கிறார், நயாகரா, நியூயார்க் எல்லாம் அலுத்துப்போய் "பேய் ஊர்" என்று தலைப்பு வைத்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

போகலாம். ஆனால் அந்த வீடியோவில் பார்த்ததில் பாதி இப்போது அங்கே கிடையாது.

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். 2017இல் ஆபீஸ் நண்பர்களோடு ஒரு தடவை, 2022 அக்டோபர் கடைசியில் அப்பாவோடு ஒரு தடவை. எடிசனிலிருந்து இரண்டரை மணி நேரம்தான். முதல் தடவையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிலம் விரிசல் விட்டதால் 1993இல் மூடிவிட்ட பழைய 61ஆம் நம்பர் ரோடு, முக்கால் மைல் நீளம், மேலே முழுக்க ஸ்ப்ரே பெயின்ட் கிறுக்கல். போட்டோ எடுத்தோம், சிரித்தோம், வழியில் பீட்சா சாப்பிட்டுவிட்டு வந்தோம். அந்த ரோடு இப்போது இல்லை. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கிலும் கூட்டம் கூடியதால், நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் லாரி லாரியாக மண் கொட்டி மூடிவிட்டார்கள். அதற்காகத்தான் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் காசு மிச்சம், வீட்டிலேயே இருங்கள்.

இரண்டாவது பயணத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கோலார் தங்கவயல்காரன், மாரிக்குப்பத்தில் பிறந்தவன். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 28 வருஷம் இறங்கி ஏறியவர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியபோது அவருக்கு 49 வயது. அதன் பிறகு எங்கள் ஊர் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்பும் ஊராகிவிட்டது. சினிமா ஒன்று வந்த பிறகு அங்கேயும் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். சயனைடு மேட்டில் (தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண்) ஏறி ரீல்ஸ் எடுத்துவிட்டு, "செத்துப்போன ஊர்" என்று தலைப்பு போடுகிறார்கள். அந்த மேட்டுக்குக் கீழே என் சித்தி வீட்டில் அந்த நேரத்தில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் "பேய் ஊர்" என்ற வார்த்தையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். பதிலில் காரம் தெரிந்தால் இதுதான் காரணம், கேள்வி கேட்டவர் மேல் கோபமில்லை.

சரி, ஊருக்கு வருவோம். பென்சில்வேனியாவின் கொலம்பியா கவுண்டியில் இருக்கிறது. அந்தப் பக்கத்து நிலக்கரி ஆந்த்ரசைட் வகை. கல் மாதிரி கெட்டி, கறுத்த கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, பற்றவைப்பது கஷ்டம், பற்றிவிட்டால் நின்று எரியும். 1890இல் அந்த ஊரில் 2,700 பேருக்கு மேல் இருந்தார்கள். 1962 மே மாதம், ஊருக்கு வெளியே பழைய சுரங்கக் குழி ஒன்றில் கொட்டியிருந்த குப்பைக்குத் தீ வைத்தார்கள். போரில் செத்தவர்களை நினைக்கும் நாள் வருகிறது, பக்கத்தில் கல்லறைத் தோட்டம், நாறக்கூடாது என்று சுத்தம் செய்ததாகத்தான் பெரும்பாலானோர் சொல்கிறார்கள். மேலே தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். குழியில் சரியாக அடைக்காத ஓர் ஓட்டை வழியாகத் தீ கீழே கரிக்குள் இறங்கிவிட்டது.

ஏன் அணைக்க முடியவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் அப்பாவிடம் கேட்டேன். கரிச் சுரங்கத்தில் முழுக்க வெட்டி எடுக்க மாட்டார்கள், கூரை விழாமல் இருக்க நடுநடுவே கரியையே தூணாக விட்டுவிடுவார்கள். எரிவதற்கு அந்தத் தூண்கள் இருக்கின்றன, காற்று வர நூறு வருஷத்துச் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன, தூண் எரிந்ததும் மேலே நிலம் உட்கார்ந்து புதிதாக ஒரு வெடிப்பு திறந்து இன்னும் காற்று வருகிறது. "அடுப்புக்கு ஊதாங்குழல் வெச்ச மாதிரிடா" என்றார். தீக்கு முன்னால் போய் அகழி வெட்டித் துண்டித்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் வெட்டவும் செய்தார்கள். ஒதுக்கிய பணம் தீர்ந்தது, வெட்டுவது நின்றது, தீ தாண்டிப் போய்விட்டது. 1983இல் முழுக்கத் தோண்டி எடுக்க என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தபோது 66 கோடி டாலர் வந்தது. ஊரையே காலி செய்ய அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியது 4.2 கோடி. எது மலிவு என்று சொல்ல வேண்டியதில்லை.

(நான் நிலவியல் படித்தவன் இல்லை. கம்ப்யூட்டர் வேலை. அப்பா பார்த்ததும் தங்கச் சுரங்கம், கரியில்லை. தப்பிருந்தால் கருத்தில் சொல்லுங்கள், திட்டாமல் சொல்லுங்கள்.)

இருபது வருஷம் மக்கள் தீயின் மேலேயே குடியிருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1979இல் பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர் நிலத்தடித் தொட்டியில் வெப்பமானியை இறக்கிப் பார்த்திருக்கிறார். பெட்ரோல் 78 டிகிரி செல்சியஸில் இருந்தது. 1981 பிப்ரவரியில் பாட்டி வீட்டுக் கொல்லையில் நின்ற 12 வயதுப் பையனின் காலடியில் மண் திறந்து உள்ளே போய்விட்டான். மரவேர் ஒன்றைப் பிடித்துத் தொங்கியவனை உறவுக்காரப் பையன் மேலே இழுத்துக் காப்பாற்றினான். அந்தக் குழியின் ஆழம் 150 அடி. அதற்குப் பிறகுதான் டிவி, பத்திரிகை எல்லாம் வந்தன. பணம் வாங்கிக்கொண்டு பெரும்பாலானோர் கிளம்பினார்கள். கொஞ்சம் பேர் கிளம்பவில்லை. ஊருக்கு அடியில் இருக்கும் கரி ஊருக்கே சொந்தம், அதைப் பிடுங்கத்தான் தீயைச் சாக்கு வைத்து விரட்டுகிறார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். 1992இல் அரசு எல்லா வீட்டையும் சட்டப்படி கையகப்படுத்தியது. 2002இல் ஊரின் ஜிப் கோடையும் (நம்ம ஊர் பின்கோடு மாதிரி) எடுத்துவிட்டார்கள். 2013இல்தான் சமரசம்: இருப்பவர்கள் சாகும்வரை இருக்கலாம், அதன்பின் வீடு அரசுக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை ஐந்து.

"ஏன் இன்னும் கிளம்பாமல் இருக்கிறார்கள், பைத்தியமா?" என்று 2017இல் காரில் ஒரு நண்பர் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா காரை விட்டு இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "இன்னாடா இது, ஊரையே காணோம்?" ரோடு இருக்கிறது, குறுக்குத் தெரு இருக்கிறது, நடைபாதை விளிம்புக் கல்கூட வரிசை குலையாமல் இருக்கிறது. வீடு மட்டும் இல்லை. வீடு இருந்த இடமெல்லாம் மரமும் புதரும். இடிந்த சுவர், உடைந்த ஜன்னல் என்று சினிமா மாதிரி எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், ஐந்நூறு கட்டடங்களை இடித்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே ஒட்டுச்சுவர் வீடுகள், எங்கள் ஊரில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகள் மாதிரி. பக்கத்து வீட்டை இடித்தால் நிற்கும் வீட்டின் சுவர் சாயும் இல்லையா, அதனால் வெளியே செங்கலில் முட்டுக் கட்டிவிட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசையாகப் புகைபோக்கி மாதிரித் தெரியும். அப்பா அப்படி ஒரு சுவரை ரோட்டிலிருந்தே ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே ஆள் இருந்தார்கள், திரைச்சீலை அசைந்தது. நான்தான் "வாங்கப்பா, போலாம்" என்று இழுத்துக்கொண்டு வந்தேன். நம் தெருவில் எவனாவது நின்று நம் வீட்டையே பார்த்தால் நாம் சும்மா இருப்போமா?

அப்புறம் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனோம். முந்தின நாள் மழை, காலையில் நல்ல குளிர். சரிவில் ஒரு வெடிப்பிலிருந்து ஆவி வந்தது. பெரிதாக நினைக்காதீர்கள், இட்லிப் பானை மூடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் வருமே, அவ்வளவுதான். வெயில் நாளில் அதுவும் தெரியாது. அப்பா எட்டவே நின்று, குந்தி உட்கார்ந்து, புறங்கையை மண்ணில் வைத்தார். உள்ளங்கையை வைக்க மாட்டார், அது சுரங்கத்துப் பழக்கம். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க சூடு இல்ல. அப்பால போயிருச்சு" என்றார். எழுந்து கையைத் துடைத்தபோதுதான் கவனித்தேன், நாங்கள் நின்ற இடத்தில் மட்டும் பாசி பச்சைப்பசேலென்று இருந்தது. நீங்கள் போனால் இந்த மாதிரி வெடிப்புக்குப் பக்கத்தில் போகாதீர்கள். தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு விஷவாயு, அதற்கு வாசனை கிடையாது, மண்ணும் எப்போது உள்வாங்கும் என்று சொல்ல முடியாது.

மேட்டில் ஒரு வெள்ளைத் தேவாலயம், நீலக் குவிமாடங்களோடு. உக்ரைன்காரர்கள் 1911இல் கட்டியது. கீழே கரியில்லை, வெறும் பாறை என்று பார்த்து உறுதி செய்த பிறகு அதை இடிக்கவில்லை. ஊரை விட்டுப் போனவர்களும் சுற்று வட்டாரத்துக்காரர்களும் இன்னமும் அங்கே பூசைக்கு வருகிறார்கள். எங்கள் ஊரிலும் திருவிழாவுக்குத்தான் பாதிப்பேர் வருகிறார்கள்.

நேரம் இருந்தால் பக்கத்தில் ஆஷ்லாண்டில் பயனியர் டனல் போய்விட்டு வாருங்கள். என்னைக் கேட்டால் அதுதான் அந்த நாளின் முக்கிய இடம். 1931இல் மூடிய சுரங்கம். மலைக்குள் நேராக 1,800 அடி சின்ன ரயிலில் கூட்டிப்போகிறார்கள். உள்ளே எப்போதும் 11 டிகிரி. அப்பா வேலை பார்த்த மட்டத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல், குளிர்காற்றைக் குழாயில் இறக்கினால்தான் நிற்க முடியும். "இது சுரங்கமாடா, ஃபிரிட்ஜா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வழிகாட்டி அறுபது வயதுக்காரர். கூரை கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க இரும்புக் கம்பியால் தட்டிக் காட்டினார். நல்ல பாறை என்றால் மணி மாதிரிக் கேட்கும், விட்டுப்போன பாறை என்றால் மொத்தென்று கேட்கும். அவர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா கையை நீட்டிவிட்டார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். "இவரும் சுரங்கத் தொழிலாளிதான், இந்தியாவில், பத்தாயிரம் அடி ஆழச் சுரங்கம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கம்பியைக் கொடுத்துவிட்டார். அப்பா இரண்டு இடத்தில் தட்டினார், மூன்றாவது இடத்தில் தட்டிவிட்டு வழிகாட்டியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவர் வாய்விட்டுச் சிரித்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். இரண்டு பேருக்கும் பொது மொழி ஒரு வார்த்தை கிடையாது. மற்ற டூரிஸ்டுகள் எல்லாம் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகும் இவர்கள் இருவரும் சுவரைக் காட்டிக்காட்டிக் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். 49 வயதில் வேலை போனதிலிருந்து அப்பா அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனசில்லை. அன்று ராத்திரியே அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து மருத்துவரிடம் காட்டி, எக்ஸ்ரே, மருந்து எல்லாம் சேர்த்து 1,100 டாலர். பெற்றோர் வருகைக்கு என்று விற்கிறார்களே ஒரு இன்சூரன்ஸ், அதை எடுத்திருந்தேன். சுரங்கத் தூசியால் நுரையீரலில் ஏற்கெனவே தழும்பு இருக்கிறது, ஆகவே இது பழைய நோய், பணம் தர முடியாது என்று கடிதம் வந்தது. குளிரில் வந்த இருமலுக்கும் 1985இல் தின்ற தூசிக்கும் என்ன சம்பந்தம் என்று மூன்று தடவை போன் செய்து சண்டை போட்டேன். கதைக்காகவில்லை. நண்பர்களே, பாலிசி எடுக்கும்போது அந்தப் பழைய நோய்ப் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்.

"ஜாரியாவை விட்டுவிட்டு அமெரிக்காக்காரன் கதை பேசுகிறாயே" என்று யாராவது வருவீர்கள், தெரியும். ஜார்க்கண்டில் தன்பாத் பக்கம் 1916 முதல் கரி எரிகிறது, அங்கே ஐந்து பேரில்லை, பெருங்கூட்டமே தீயின் மேல் குடியிருக்கிறது. நான் அங்கே போனதில்லை. போகாத இடத்தைப் பற்றிப் பதில் எழுதக் கூடாது என்பதால் விட்டேன்.

போவதென்றால் அக்டோபரில் போங்கள், மழை பெய்த மறுநாள் காலையில். டனல் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். சென்ட்ரேலியாவில் கடை, கழிப்பறை எதுவும் கிடையாது, ஆஷ்லாண்டிலோ மவுண்ட் கார்மலிலோ முடித்துக்கொள்ளுங்கள். இருக்கும் வீடுகளைப் போட்டோ எடுக்காதீர்கள். பெரியவர்களை அழைத்துப்போனால் வெளியே வெயிலடித்தாலும் ஸ்வெட்டர் போட்டுத்தான் டனலுக்குள் ஏற்றுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், கேட்காதீர்கள்.