வில் சீசனில் கிராஸ்போவோடு மான் வேட்டைக்குப் போகலாமா?

அமெரிக்காவில் வில் சீசன், அதாவது வில்லால் வேட்டையாடும் பருவம் நடக்கும்போது கிராஸ்போ (துப்பாக்கி போலத் தோளில் வைத்து விசையை அழுத்தி அம்பு விடும் வில்) வைத்து மான் அடிக்கலாமா, சட்டம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மொத்த அமெரிக்காவுக்கும் ஒரே பதில் கிடையாது. ஆரிகனில் வேட்டைக்குக் கிராஸ்போவைத் தொடவே கூடாது. ஒஹாயோவில் நாணின் இழுவிசை 75 பவுண்டு இருந்தால் போதும், பென்சில்வேனியாவில் 125 வேண்டும். நான் இருப்பது விஸ்கான்சின் மாநிலம், அதனால் இங்கே உள்ளதைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் இங்கே 65 வயதானவர்களுக்கும், உடல் குறைபாட்டுக்காக அனுமதி வாங்கியவர்களுக்கும்தான் கிராஸ்போ. 2014 சீசனிலிருந்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கிராஸ்போ சீசன் செப்டம்பர் நடுவில் வில் சீசனோடு சேர்ந்தே தொடங்கும், ஆனால் லைசன்ஸ் தனி. ஒன்றை முழு விலைக்கு வாங்கினால் மற்றது 3 டாலர்தான். லைசன்ஸ் இரண்டு இருக்கிறதே, மானும் இரட்டிப்பாக அடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து மான் அடிக்க ஒரே செட் அனுமதிச் சீட்டுதான்.

கருவிக்கு இழுவிசை குறைந்தது 100 பவுண்டு, வேலை செய்யும் சேஃப்டி (தவறுதலாக விசை அழுந்தாமல் தடுக்கும் பூட்டு), 14 அங்குலத்துக்குக் குறையாத அம்பு. அம்பு முனை முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், சரியாகச் சொன்னால் எட்டில் ஏழு பங்கு அங்குல அகலம். கடையில் கேட்டாலே பார்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

நான் மாட்டிக்கொள்ளப் பார்த்தது காரில். முதல் சீசன், நல்ல இருட்டு, பரணிலிருந்து இறங்கி வந்து அம்பை உருவிவிட்டுக் கிராஸ்போவைப் பின் சீட்டில் வைக்கப் போனேன். கூட வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் கையைப் பிடித்துவிட்டார். நாண் இன்னும் ஏறித்தான், அதாவது அம்பு விடத் தயாராக இழுத்து மாட்டியபடியேதான் இருந்தது. வண்டியில் ஏற்ற வேண்டுமானால் நாண் இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அம்பை எடுத்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்க வேண்டும். பெட்டியோ வீட்டில்.

சரி, விசையை அழுத்தி நாணை விட்டுவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. அம்பில்லாமல் விட்டால் அந்த அதிர்ச்சி முழுக்க வில்லின் கைகளில் இறங்கும், விரிசல் விட்டுவிடும். பெரியவர் தன் பையிலிருந்து பயிற்சி முனை போட்ட பழைய அம்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வயல் ஓரம், கல் இல்லாத ஈர மண்ணாகப் பார்த்து, காலிலிருந்து பத்தடி தள்ளிக் கீழ்நோக்கி விடச் சொன்னார். விட்டேன். டார்ச் அடித்துத் தேடினால், இறகு மட்டும்தான் வெளியே தெரிந்தது. கிராங்க் வைத்து நாணை மெதுவாக இறக்கும் மாடல்களும் இப்போது வந்துவிட்டன. என்னுடையது பழசு.

பெரியவர் ஐம்பது வருடமாக வில்தான். கிராஸ்போவைத் துப்பாக்கிக்குத் தம்பி என்று முணுமுணுப்பார். தோளில் வைத்து, ஸ்கோப்பில் பார்த்து அடிப்பதால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்குத் தோள் மூட்டில் பழைய வலி, வில்லை இழுத்துப் பிடித்துக்கொண்டு மான் திரும்பும்வரை காத்திருக்க முடியாது.

இன்னொன்று, மான் விழுந்தால் மறுநாள் மாலை 5 மணிக்குள் ஆன்லைனிலோ போனிலோ பதிவு செய்துவிடுங்கள்.