பூட்டிக் கிடக்கும் வீட்டை வாங்கலாமா?

கேள்வி: புது வீடு வாங்க எங்களிடம் பணம் போதாது. பழைய வீட்டை வாங்கிச் சிறிது சிறிதாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று தேடுகிறோம். இரண்டு வீடுகள் பார்த்தோம். ஒன்று புதிதாக வெள்ளையடித்து, அழகாக இருக்கிறது. மற்றொன்று பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. தூசி, உடைந்த ஜன்னல், பாசி பிடித்த குளியலறை. ஆனால் விலை நன்றாகக் குறைவு. கணவர் தயங்குகிறார். எதை வைத்து முடிவெடுப்பது?
- ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, இரண்டில் எனக்கு அதிகக் கவலை தருவது அந்த வெள்ளையடித்த வீடு. தூசியும் பாசியும் துடைத்தால் போய்விடும், ஜன்னலை மாற்றிவிடலாம். புதுப் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. கூரையின் ஒரு மூலையில் மட்டும், அல்லது சுவரின் அடிப்பகுதியில் மட்டும் பூச்சு புதிதாக இருந்தால், காரணம் கேளுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் இரண்டு வீடுகளையும் இன்னொரு முறை பாருங்கள். கசிவை அன்று மறைக்க முடியாது.

அடுத்து விரிசல்கள். பூச்சில் ஓடும் மயிரிழை விரிசல் எந்த வீட்டிலும் இருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசலும், செங்கல் வரிசைகளில் படிக்கட்டுபோல் ஏறும் விரிசலும் வேறு வகை. அவை 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, பக்கத்துக் கதவும் சட்டத்தில் இறுகினால், அஸ்திவாரம் இறங்கியிருக்கக்கூடும். கான்கிரீட் தளத்தை அடியிலிருந்து பாருங்கள். பழுப்புக் கறை, உதிர்ந்த காரை, வெளியே தெரியும் கம்பி ஆகியவை உள்ளே துரு பிடித்திருப்பதன் அடையாளம். துருப்பிடித்த இரும்பு பருத்து, சுற்றியிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். மேலே சிமெண்ட் பூசி மூடினாலும் உள்ளே துரு நிற்காது. கதவு நிலைகளின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கரையான் அரித்த மரம் பொலபொலவென்று உள்வாங்கும்.

ஒயரிங், குழாய்களைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நாற்பது வருட வீட்டில் இரண்டையும் முழுதாக மாற்ற வேண்டிவரும் என்றே கணக்குப் போடுங்கள். அது முன்கூட்டியே தெரிந்த செலவு. கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் மட்டும் நீங்களாக உடைக்கவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

இவ்வளவும் பார்த்துப் பிடித்திருந்தால், ஒரு கட்டுமானப் பொறியாளரை அழைத்துப் போங்கள். அவர் தரகர் அழைத்து வருபவராக இருக்கக் கூடாது. நீங்களே தேர்ந்தெடுத்தவராக இருக்கட்டும். அந்தக் கட்டணத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: அதே தெருவில் நல்ல நிலையில் உள்ள, இதே அளவு வீட்டின் விலை. அதிலிருந்து பழுதுபார்ப்பு மதிப்பீடு, எதிர்பாராத செலவுக்காக அந்த மதிப்பீட்டில் இன்னும் 20 சதவீதம், பத்திரப்பதிவுச் செலவு, வேலை முடியும்வரை நீங்கள் கொடுக்கும் வாடகை எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதற்கு மேல் ஒரு காசும் பேசாதீர்கள். பேரத்துக்குப் போகும் முன்பே இதை எழுதிவிடுவது அவசியம். வீடு மனதுக்குப் பிடித்துவிட்டால் கணக்கு வளைந்துவிடும். கடன் வாங்குவதாக இருந்தால், பழுதான வீட்டுக்கு எவ்வளவு தருவார்கள், பழுதுபார்க்கத் தனியாகத் தருவார்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கியில் கேளுங்கள்.

பூட்டிய வீட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வாரிசுகள் பலர் இருந்து, ஒருவர் மட்டும் விற்க முன்வந்திருக்கலாம். எல்லாரும் கையெழுத்திடுவார்களா, அடமானமோ வரி பாக்கியோ இருக்கிறதா என்பதை ஒரு வழக்கறிஞர் பார்க்கட்டும். வங்கி ஏல வீடுகள் மலிவாகத் தோன்றும். ஆனால் பல நேரம் உள்ளே போய்ப் பார்க்கவே முடியாது. முதன்முதலாக வாங்கும் வீட்டுக்கு அந்த வழி வேண்டாம் என்பேன்.

உங்கள் கணவரின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். வேலை நடக்கும் வீட்டில் குடியிருப்பது உண்மையிலேயே கடினம். முதலில் கூரை, பிறகு தண்ணீரும் மின்சாரமும், அதன்பின் கழிவறையும் ஒரு அறையும். இவை முடிந்ததும் குடிபோங்கள். சமையலறையையும் வண்ணத்தையும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.