ஆட்டோவில் ஏறும்போதே அழும் பிள்ளையை நேசரிக்கு (பாலர் பாடசாலைக்கு) எப்படி அனுப்புவது?

இலங்கையின் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: 3 வயது மகள் தினமும் காலையில் ஆட்டோவைக் கண்டாலே அழுகிறாளாம்.

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். கொழுந்தெடுக்கப் போகும் பதற்றத்தில் நாம் கையைப் பிடித்து இழுத்தால், அந்தப் பதற்றம் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும். 20 நிமிடம் முந்தி எழுப்புங்கள். சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், ஸ்வெட்டர் எல்லாம் இரவே வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

என் மகனும் இப்படித்தான் அழுதான். லயத்து வரிசை வீட்டிலிருந்து இறங்கும்போது முதலில் கோயில், அப்புறம் பாலம், அப்புறம் ஸ்டோர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவோம். இரண்டு வாரத்தில் அவனே எனக்கு முன்னால் சொல்ல ஆரம்பித்தான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பயம் குறையும்.

ஆட்டோவில் திறந்த பக்கம் உட்கார வைக்காதீர்கள், பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கம் ஓடுவதால், இறக்குவதும் இடப்பக்கம், பாதையோரமாகவே. நடந்து போனால், நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்க ஓரமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடங்கள், பிள்ளை வாகனம் வராத ஓரப்பக்கம். பனிமூட்டத்தில் கறுப்புக் கோட்டு வேண்டாம், மஞ்சளோ வெள்ளையோ போடுங்கள். மழை நாளில் அட்டைப்பூச்சி இருக்கிறதா என்று காலுறைக்குள்ளும் பாருங்கள்.

வாசலில் ஒளிந்து ஓடிவிடாதீர்கள். "சோறு சாப்பிட்டதும் அம்மா வருவேன்" என்று சொல்லி, சொன்ன நேரத்துக்கே போய் நில்லுங்கள்.