வாசகர் கேள்வி: வீட்டில் இணையும் நிரல் அலுவலகத்தில் ஏன் இணைவதில்லை?

கேள்வி: கூட்டு வட்டி கணக்கிட சி மொழியில் நான் எழுதிய நிரல், ரோஸ்ஹில்லில் என் வீட்டு மேக் கணினியில் சிக்கலின்றி உருவாகிறது. எபேன் அலுவலகத்தின் உபுண்டு (லினக்ஸ்) கணினியிலோ 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு பவ்' ('பவ்' எங்கே என்று தெரியவில்லை) என்ற பிழையுடன் நின்றுவிடுகிறது. கணிதத் தலைப்புக் கோப்பைச் (ஹெடர்) சேர்த்திருக்கிறேன். தவறு எங்கே?
— ஒரு வாசகி, மொரீஷியஸ்

பதில்: உங்கள் நிரலில் தவறில்லை. தலைப்புக் கோப்பு, 'பவ்' என்றொரு செயற்கூறு (அடுக்கைக் கணக்கிடுவது) உண்டு என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு அறிவிக்கிறதே தவிர, அதன் உடலைத் தருவதில்லை. அந்த உடலைத் தேடிப் பொருத்துவது லிங்கரின் வேலை. மேக்கில் கணிதச் செயற்கூறுகள் தானாகவே இணைக்கப்படும் அடிப்படை லைப்ரரியிலேயே (ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பு) அடங்கியிருக்கின்றன. லினக்ஸிலோ அவை 'லிப்எம்' என்ற தனி லைப்ரரியில் இருப்பதால், கட்டளையில் '-எல்எம்' என்று நீங்களே கேட்டாக வேண்டும்.

அதை எங்கே எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். உபுண்டுவின் லிங்கர் இடமிருந்து வலமாகப் படித்து, அதுவரை தேவைப்படாத லைப்ரரியை விட்டுவிடுவதால், உங்கள் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுதினால் அதே பிழைதான் மீண்டும் வரும். பலர் தடுமாறுவது இங்கேதான். கட்டளையின் கடைசியில் எழுதுங்கள். 'பவ்' செயற்கூறுக்கு மாறிகளுக்குப் பதிலாக 2, 3 என நேரடி எண்களைக் கொடுத்துச் சோதித்தால், கம்பைலரே விடையைக் கணித்துவிட்டுப் பிழையை மறைத்துவிடக்கூடும், அச்சோதனையை நம்பாதீர்கள்.

மேக்கில் கம்பைலர் உருவாக்கிய, மேக்குக்கே உரிய '.ஓ' கோப்புகளை நகலெடுக்காமல், மூலநிரலிலிருந்தே மீண்டும் உருவாக்குங்கள்.