தகரம் அடித்த தெருவும் காணாமல்போன கவுன்சிலரும்: வாசகர் கேள்விகள்

நகராட்சி சுகாதாரப் பிரிவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கொரோனா முடிந்து இத்தனை நாளாகியும் அந்தக் காலத்தைப் பற்றிய கேள்விகள் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதில் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

2020-ல் எங்கள் தெரு அடைத்துக் கிடந்தபோது கவுன்சிலர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை சார். ஓட்டுக் கேட்க மட்டும் வருகிறார்கள். இதைக் கேள்வி கேட்க வழியே இல்லையா? (வேளச்சேரி வாசகர்)

கோபம் நியாயமானதுதான், ஆனால் ஆள் தப்பு. 2020-ல் உங்களுக்குக் கவுன்சிலரே கிடையாது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அதே மாதம் பழைய மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்தது, அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் ஐந்து வருஷத்துக்கும் மேல் சென்னையின் 200 வார்டுகளிலும் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சிதான். முதல் அலை, இரண்டாம் அலை இரண்டுமே அந்த இடைவெளியில் வந்து போய்விட்டன.

கிராமத்தில் கதை வேறு. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலேயே ஊரகத் தேர்தல் முடிந்து, 2020 ஜனவரி 6-ல் ஊராட்சித் தலைவர்கள் பதவியேற்றார்கள். ரப்பர் ஸ்டாம்ப் மை காயுமுன் ஊரடங்கு. அந்த அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையும் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ஆனாலும் கதவைத் தட்டிக் கேட்க ஊருக்குள்ளேயே ஒரு ஆள் இருந்தார், அது சின்ன விஷயமில்லை.

நகரத்தில் அந்த வேலையைச் செய்தது யார் தெரியுமா? தினமும் வீடு வீடாக வந்து "காய்ச்சல் இருக்கா, சளி இருக்கா, வாசனை தெரியுதா" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போன தற்காலிகக் களப்பணியாளர்களும், குப்பை எடுக்க வந்த தூய்மைப் பணியாளர்களும்தான். எந்த வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஆனால் அவர்களுக்கு அதிகாரம் எதுவும் இல்லை, மேலே சொல்லத்தான் முடிந்தது. இப்போது கேள்வி கேட்க வழி உண்டு. கவுன்சிலர் தலைமையில் கூடும் வார்டு குழு, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபை இரண்டுக்கும் 2022-ல் விதிமுறை வந்துவிட்டது. உங்கள் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று விசாரித்து ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் காலி நாற்காலிதான் இருக்கும், பேச நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

என் மாமியார் 2021 மே மாதம் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் கொரோனாவில் இறந்தார். வீடு குரோம்பேட்டை. தாம்பரம் மாநகராட்சியில் இறப்புச் சான்றிதழ் கேட்டால் பதிவே இல்லை என்கிறார்கள். தோழி ஒருத்தி வாங்கிய சான்றிதழில் கொரோனா என்ற வார்த்தையே இல்லையாம். கொரோனா இறப்புக்கு அரசு அறிவித்த அந்த 50,000 ரூபாய் இனி கிடைக்குமா? (குரோம்பேட்டை வாசகி)

மூன்று கேள்வியை ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள் அம்மா, ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

இறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் ஏறும், குடியிருந்த ஊரில் ஏறாது. சென்னை எல்லைக்குள் இருக்கும் மருத்துவமனை என்றால் சென்னை மாநகராட்சிப் பதிவு, அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தாம்பரத்தில் நீங்கள் வருஷக்கணக்கில் தேடினாலும் கிடைக்காது. (வீட்டிலேயே இறந்திருந்தால் வேறு குழப்பம் வந்திருக்கும். அப்போது குரோம்பேட்டை பல்லாவரம் நகராட்சியில் இருந்தது, தாம்பரம் மாநகராட்சி பிறந்ததே 2021 நவம்பரில். பழைய பதிவெல்லாம் எந்த அலமாரிக்குப் போனது என்று கேட்டு அலைய வேண்டியிருந்திருக்கும்.)

இரண்டாவது, சான்றிதழில் கொரோனா என்று எழுதாதது சதியல்ல. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, யாருக்குக் கொடுக்கும் இறப்புச் சான்றிலும் காரணத்தைச் சொல்லவே கூடாது. மாரடைப்போ விபத்தோ எதுவுமே அதில் இருக்காது. காரணம் இருப்பது மருத்துவர் கொடுக்கும் தனிச் சான்றில். மருத்துவமனையில் நடந்த இறப்புக்குப் படிவம் 4, வெளியே நடந்ததற்கு 4ஏ. உங்களுக்கு வேண்டியது அந்தத் தாள். அந்த மே மாதத்தில் வார்டில் இருந்த நெரிசலில் அதைக் கேட்டு வாங்க யாருக்கு நினைவிருந்தது? இப்போது மருத்துவமனையின் பதிவறையில் உள்நோயாளி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். 2021 அக்டோபர் 4-ல் உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்தால் அது கொரோனா இறப்புதான், ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்தாலும் கணக்கில் உண்டு. ஆனால் 2022 மார்ச் 24-ல் அதே நீதிமன்றம் கெடு வைத்தது: 2022 மார்ச் 20-க்கு முந்தைய இறப்புகளுக்கு 60 நாள். அது அந்த மே மாதமே முடிந்துபோனது. உண்மையான கஷ்டத்தால் விண்ணப்பிக்க முடியாமல் போனவர்கள் குறைதீர் குழுவை அணுகலாம் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள், அதற்கும் காரணம் வலுவாக இருக்க வேண்டும். "தெரியாது" என்பது வலுவான காரணம் இல்லை என்றுதான் சொல்வார்கள். உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனசில்லை. மனு கொடுப்பதாக இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் கொடுங்கள். இது வருவாய்த் துறை விஷயம், மாநகராட்சி கவுன்டரில் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

நான் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர். 2020-ல் தொற்று வந்த வீட்டுக் கதவில் நாங்களே நோட்டீஸ் ஒட்டினோம், வீட்டு வேலைக்கு வருபவர்களை ஆறு மாதம் உள்ளே விடவில்லை. அது சரிதானே? மறுபடி வந்தால் அதையே செய்யலாமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

இல்லை. செய்யக் கூடாது. தெருவை அடைப்பதும் வீட்டைத் தனிமைப்படுத்துவதும் 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம், 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் போன்றவற்றின் கீழ் அரசு அதிகாரிக்கு உள்ள அதிகாரம். சங்கத்துக்கு அது கிடையாது, மெயின்டனன்ஸ் வசூலிப்பதால் யாரும் சுகாதார அலுவலர் ஆகிவிட முடியாது. நோட்டீஸ் ஒட்டுவதைப் பற்றி 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, உரிய அதிகாரி உத்தரவு இல்லாமல் ஒட்டக் கூடாது என்று. அதற்காக அரசு செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். வாசலில் தகரம் அடித்தது பயத்தைத்தான் வளர்த்தது. அந்தத் தகரத்தைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் காய்ச்சல் முகாமுக்கே வராமல் வீட்டில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள், மூச்சு முட்டிய பிறகுதான் 108-க்குப் போன் செய்தார்கள்.

பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்றும் பார்த்தோமே. இறந்தவரைப் புதைக்க விடாமல் மறித்தார்கள். 2020 ஏப்ரலில் அதற்கென்றே அவசரச் சட்டம் போட்டு மூன்று வருஷம் வரை சிறை என்று சொல்ல வேண்டி வந்தது.

வேலைக்கு வந்தவர்களை நிறுத்தினீர்கள், சரி. சம்பளம் கொடுத்தீர்களா? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

மறுபடி ஊரடங்கு வந்தால் நண்பர்கள் சேர்ந்து சாப்பாடு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். எப்படித் தொடங்குவது? (மதுரைக் கல்லூரி மாணவர்)

நல்ல விஷயம் தம்பி. பொட்டலம் கட்டுவது சுலபம், யாருக்கு என்பதுதான் கஷ்டம். 2020-ல் முதல் வாரம் ஒரே பாலத்தடியில் நாலு குழு சாம்பார் சாதம் கொடுத்ததைப் பார்த்தேன், இரண்டு தெரு தள்ளி ஒருவரும் போகவில்லை.

அரசு உதவி எந்த வழியாக வந்தது என்று யோசியுங்கள். 2020-ல் 1,000 ரூபாய், 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 மளிகைப் பொருளும், எல்லாமே அரிசி கார்டுக்குத்தான். நகரத்தில் சமைத்த சாப்பாடு வேண்டுமென்றால் அம்மா உணவகம் திறந்திருந்தது, சென்னையில் 2020 ஜூன் முழு ஊரடங்கில் அங்கே காசும் வாங்கவில்லை. அப்படியானால் யார் விடுபட்டார்கள்? கார்டு சொந்த ஊரிலும் ஆள் வாடகை வீட்டிலும் இருந்தவர்கள், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தவர், கார்டே இல்லாத திருநங்கைகள், வெளியே வர முடியாத முதியவர்கள். பட்டியலை அங்கிருந்து தொடங்குங்கள். அப்புறம், அனுமதி. 2020 ஏப்ரலில் தன்னார்வலர் நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்று அரசு சொல்ல, விஷயம் நீதிமன்றம் போய், 48 மணி நேரம் முன்னதாகத் தகவல் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம் என்று முடிந்தது. எதுவும் நடக்காத இந்த நாளிலேயே உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளரைப் போய்ப் பார்த்து நம்பர் வாங்கி வையுங்கள். முகம் தெரிந்த பையன் போன் செய்தால் எடுப்பார், நான் எடுத்திருக்கிறேன்.

மாஸ்க்கை எந்தக் குப்பையில் போடுவது? (சேலம்)

நோயாளி வீடு என்றால் மஞ்சள் பையில் தனியாக. மற்றவர்கள் 72 மணி நேரம் காகிதப் பையில் வைத்திருந்து, வெட்டிவிட்டுப் போடச் சொன்னார்கள். வெட்டச் சொன்னது மறுபடி விற்றுவிடக் கூடாது என்பதற்காக.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். அப்பா, அம்மா கும்பகோணத்தில் தனியாக, இருவருக்கும் எழுபதுக்கு மேல், சர்க்கரை, பிபி உண்டு. கொரோனாவில் தூங்காமல் கிடந்தேன். இனி என்ன ஏற்பாடு செய்து வைப்பது?

மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில், இரண்டாம் அலை தணிந்த கையோடு தொடங்கிய திட்டம், சர்க்கரை, பிபி மாத்திரை வீட்டுக்கே வரும். பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும், அவ்வளவுதான். ரேஷனுக்கு, போக முடியாதவர் வேறொருவரை நியமித்து வாங்கும் படிவம் கடையிலேயே உண்டு. முதியோர் உதவி எண் 14567, அவசரத்துக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜ் மேல் ஒட்டச் சொல்லுங்கள், அப்பா போனில் சேமித்து வைத்திருப்பதை அவசரத்தில் தேடமாட்டார்.

அப்புறம் பக்கத்து வீட்டுச் சாவி. ஒரு செட் அங்கே இருக்கட்டும். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அவர்களுக்கும் ஏதாவது வாங்கி வாருங்கள்.